தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்பா எதற்கு?

கேள்வி, 9 ஜூன் 2024

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அப்படி இருக்கும்போது அந்த ஆறு மாதம் அப்பா வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார்? சம்பாதித்துப் போடுவதுதான் அவர் பங்கு. மற்றபடி கூடமாட ஒத்தாசை செய்வது அவரவர் மனசு. இதற்குப் போய் லீவு, சட்டம் என்று பேசுவது தேவையில்லாத வேலை என்பது என் கட்சி. ஊர் ஆத்தூர். அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

பால் கொடுப்பது ஒன்றுதான் உங்களால் முடியாது. மீதி அத்தனையும் முடியும். கணக்குப் போட்டால் மீதிதான் அதிகம்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விட வைக்க வேண்டும். ஏப்பம் வருவதற்குள் துணி நனைந்திருக்கும். மாற்ற வேண்டும், அலச வேண்டும். மாற்றுகிற வேகத்தில் தூக்கம் கலைந்திருக்கும், மறுபடி தூளியில் போட்டு ஆட்ட வேண்டும். அதற்குள் அடுத்த பசி வந்துவிடும். பால் கொடுத்தவள் இந்த இடைவெளியில் கண்ணசந்தால்தான் அடுத்த தடவைக்கு உடம்பு தாங்கும். கொடுக்கும்போது தாகம் வேறு பயங்கரமாக எடுக்கும், கை எட்டுகிற தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைக்க ஆள் வேண்டும். இதில் எதற்குப் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டும்?

எங்கள் பாப்பாவுக்கு எட்டு மாதம். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, நான் சேலத்தில் ஓமலூர் ரோட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மீதியை நாளை எழுதுகிறேன், முழித்துக்கொண்டாள்.

10 ஜூன்

"வீட்டில் உட்கார்ந்து" என்று எழுதியிருந்தீர்கள். எந்த வீட்டில்? நம் பக்கம் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து அழைத்துப் போனால், பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்ப வருவாள். பெண்ணுக்கு அது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். புகுந்த வீட்டில் கிடைக்காத ஓய்வு அங்கே கிடைக்கும். ஆனால் பிள்ளை வளர்ப்பை அவள் படிப்பதும் அந்த மாதங்களில்தான். யாரும் அதைத் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. எந்த அழுகை பசி, எந்த அழுகை வயிற்றுவலி, கழுத்தை எப்படித் தாங்கித் தூக்குவது என்பதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தப்புத் தப்பாகச் செய்து பழகியதுதான். அப்பன் அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. கறிக்குழம்பு சாப்பிட்டு, பிள்ளையை ரெண்டு நிமிடம் கையில் வாங்கி, அது முகத்தைச் சுருக்கியதும் "இந்தாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு சாயங்கால பஸ் ஏறுவான். ஐந்தாம் மாதம் வீடு வந்து சேரும்போது அவள் தேறியிருப்பாள், இவன் அன்றைக்குத்தான் சேர்ந்திருப்பான். அப்புறம் ஆயுசுக்கும் "நம்மகிட்ட நிக்காதுங்க, அவளுக்குத்தான் தெரியும்" என்ற பேச்சு. அதையும் பெருமையாகவே சொல்வோம்.

என் மாமியார் வீடு ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். பாப்பா பிறந்தது அக்டோபர். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டுப் பனிமூட்டம் தெரியுமல்லவா, காலையில் காயப்போட்ட துணி சாயங்காலம் இன்னும் ஈரமாக இருக்கும். டயபர் கூடாது, பழைய வெள்ளை வேட்டித் துணிதான் என்பது அத்தையின் சட்டம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தால் துணியெல்லாம் புகை வாசம். ஆகவே சனிக்கிழமை மேலே போய், ஞாயிறு இரவு ஈரத்துணி மூட்டையோடு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அம்மாபேட்டை வீட்டு மொட்டைமாடியில் காயப்போடுவேன். வார நடுவில் மச்சான் பைக்கில் அடிவாரம் வரை வந்து காய்ந்ததை வாங்கிப் போவான். "தாய்மாமன் சீர் கேள்விப்பட்டிருக்கோம், அப்பன் சீரு இதுதானா" என்று ஆபீசில் ஒரே கிண்டல். இருக்கட்டும். மூட்டையைப் பிரித்து அலசியதில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. மஞ்சளாகத் தண்ணீராகப் போனால் பயப்பட வேண்டாம், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அது சகஜம். வெளுத்துப் போனால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

12 ஜூன், புதன்

புதன்கிழமை என்றால் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம், அப்புறம் ஒன்பதாம் மாதம். இதை அப்பாக்கள் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே பெஞ்சில் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், வெளியே வேப்பமரத்தடியில் பைக் மேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டு அப்பாக்கள் நிற்பார்கள். நான் பிள்ளையோடு உள்ளே போனதும் "அம்மா வரலீங்களா?" என்று நர்சம்மா கேட்டார். கேட்கட்டும், அட்டையை நீட்டினால் ஊசி போடத்தான் போகிறார்கள்.

பெண்டாவேலன்ட் என்கிற ஐந்து நோய்த் தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம், அனத்தும். மருந்து எத்தனை சொட்டு என்பது பிள்ளையின் எடையைப் பொறுத்தது, ஊசி போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ராத்திரி யார் முறை என்பதையும் காலையிலேயே பேசி வையுங்கள்.

13 ஜூன்

ஒரு அக்கா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத மருமகளுக்கு இந்தப் பங்கு பிரிக்கிற பேச்சால் என்ன லாபம்?

அக்கா, முதல் ஆறு மாதத்தில் அப்பனின் தலையாய வேலையே அதுதான். தன்னைப் பெற்றவளிடம் வேண்டாம் என்று சொல்வது.

பிறந்ததும் சேனை வைக்க வருவார்கள், சர்க்கரைத் தண்ணீர் அல்லது தேன். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரி வித்து குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்குகிற நஞ்சை உண்டாக்கும். பெரியவர்கள் குடல் அதைச் சமாளித்துவிடும். தொப்புள் கொடியில் சாம்பலோ எண்ணெயோ எதுவும் வேண்டாம், சும்மா விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, காதில் ஊதக் கூடாது. தலைக்கு ஊற்றியதும் முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம், அந்தச் சின்ன நுரையீரலுக்கு அது ஆகாது. அப்புறம் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருவார்களே, சங்கில் கறந்து அப்படியே புகட்டச் சொல்லி? காய்ச்சாத பால் எதன் பாலானாலும் பச்சைப்பிள்ளைக்குக் கூடாது.

இத்தனையையும் மருமகள் சொன்னால் குடும்பச் சண்டை, மகன் சொன்னால் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதோடு முடியும். என் அம்மா விடவில்லை. "உன்னையெல்லாம் இத வச்சுத்தாண்டா வளத்தேன்." "அதான் வளந்துட்டேனேம்மா, விடு." வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளலாம், உரசி வாயில் ஊற்றக் கூடாது என்று கடைசியில் சமரசம் ஆனது.

16 ஜூன்

இன்று தந்தையர் தினமாம். சட்டைக் கடையிலிருந்து தள்ளுபடி மெசேஜ் வந்திருக்கிறது.

லீவு விஷயத்துக்கு வருவோம். தாய்மாருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017 திருத்தம் முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கியது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2016-ல் ஒன்பது மாதம், 2021-ல் பன்னிரண்டு மாதம். என் மனைவிக்கு அந்த ஒரு வருடம் கிடைத்தது. மத்திய அரசில் வேலை பார்க்கிற ஆணுக்கு 15 நாள் உண்டு, உயிரோடு இருக்கிற குழந்தைகள் ரெண்டுக்குக் குறைவாக இருந்தால். தனியார் கம்பெனிக்காரனுக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. 2017-ல் ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 2023-ல் ஒரு காவல் ஆய்வாளரின் லீவு வழக்கில் மதுரைக் கிளை நீதிபதி, தந்தையர் விடுப்புக்கு இங்கே சட்டம் தேவை என்று எழுதினார்.

எனக்கு வந்த பதில், "ரெண்டு நாள் சி.எல். போட்டுக்கப்பா, பிள்ளையா பெத்த நீ?"

சுவீடனில் 1974-லேயே அப்பா அம்மா இருவரும் பகிர்ந்துகொள்கிற லீவு வந்துவிட்டது. இப்போது மொத்தம் 480 நாள், அதில் 90 நாள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒதுக்கியது, மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. அப்பன் எடுக்காவிட்டால் அந்த 90 வீண். சுவீடன் எங்கே, சூரமங்கலம் எங்கே என்று கேட்பீர்கள், சரிதான். ஆனால் அந்த 'மாற்ற முடியாது' என்கிற விதி இல்லாவிட்டால் அங்கேயும் எல்லாம் அம்மா தலையிலேயே போய் விழும் என்று நினைத்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

17 ஜூன்

சேலம் ரயில்வே கோட்டத்தில் இருக்கும் நண்பர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு போன் பண்ணினார். அவருக்கு அந்த 15 நாள் கிடைத்தது, பிரசவ வாரத்திலேயே எடுத்தாராம். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு, உள்ளே விடமாட்டார்கள். மாமியார், சித்தி, பெரியம்மா என்று பத்துப் பேர் பார்த்துக்கொள்ள, இவர் வராந்தாவில் உட்கார்ந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததில் லீவு தீர்ந்தது.

யோசனை ஒன்று: அந்த லீவைக் குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மனைவியும் பிள்ளையும் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ வீட்டுக்கு வருகிறார்களே, அன்றைக்கு எடுங்கள். சுற்றி ஆள் இல்லாத நாள் அதுதான்.

23 ஜூன்

"ஆம்பள பிள்ளை பாக்கிறதெல்லாம் நம்ம பரம்பரையில இல்ல" என்று ஒருவர். என் தாத்தா அம்மாபேட்டையில் குழித்தறி நெய்தவர். தறிக்குப் பக்கத்து விட்டத்தில் தூளி தொங்கும், தூளிக் கயிறு அவர் கையெட்டும் இடத்தில் இருக்கும். நெய்துகொண்டே நடுவில் ஒரு இழுப்பு. செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர்களுக்கும் பிள்ளை கண்ணெதிரே புரண்டுகொண்டுதான் இருந்திருக்கும். வேலை வீட்டைவிட்டுக் கம்பெனி கேட்டுக்குள் போனபோதுதான் அப்பன் பிள்ளையைவிட்டு விலகினான் என்று எனக்குத் தோன்றுகிறது. பரம்பரை என்று சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

24 ஜூன்

நேற்று எழுதியதை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, காது மட்டும் பாம்புக் காது. "கயித்த இழுத்தாரு, வாஸ்தவந்தான். புள்ள பேண்டா யாரக் கூப்புட்டாரு? நெய்யுறதுக்கு நூலு சுத்திக்கிட்டு இருந்தவளத்தான கூப்புட்டாரு?"

ஆக, அப்பன் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிற என் வாதம் பாதிதான் நிற்கிறது. பக்கத்தில் இருந்தும் கூப்பிடலாம்.

30 ஜூன்

ஒரு மாமா ஜோக் அடித்திருக்கிறார், பிள்ளை தூக்கினால் ஆம்பிளைத்தனம் குறையும் என்று. ஒரு விதத்தில் உண்மைதான் மாமா. பிலிப்பைன்ஸின் செபூ பகுதியில் இளைஞர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது, தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளை பார்த்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. ஆணின் உடம்பும் இந்த வேலைக்குத் தோதாக மாறிக்கொள்கிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். மீசை கொட்டவில்லை, கவலை வேண்டாம்.

4 ஜூலை

அப்பாயி சொன்னதிலிருந்து விடவில்லை.

வீடு வந்த புதிதில் நானும் நிறைய செய்தேன். ஆனால் எப்படி? "பஞ்சு எங்க இருக்கு?" "இந்தத் துணி போதுமா?" "தண்ணி சூடு சரியாப் பாரு." தூங்கப்போனவள் எழுந்து வந்து பதில் சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் அவளே சொன்னாள், "ஏங்க, நீங்க கேக்கற நேரத்துக்கு நானே செஞ்சிருவேன். செய்யறதவிட ஞாபகம் வச்சுக்கறதுதான் வலிக்குது." கை வேலையில் பாதி வாங்கியிருந்தேன், தலை வேலை மொத்தமும் அவளிடமே இருந்தது.

அதற்கப்புறம் சிலதை முழுசாக என் பக்கம் தள்ளிக்கொண்டேன். குளியல் என்னுடையது: தண்ணீரை முழங்கையில் தொட்டுப் பார்ப்பது, துண்டு எடுத்து வைப்பது, சோப்பு தீர்ந்தால் வாங்குவது, எல்லாம். வைட்டமின் டி சொட்டு மருந்து தினம் 400 யூனிட் என்னுடையது. ராத்திரி பத்திலிருந்து ரெண்டு வரை என் காவல், பசி அழுகை தவிர வேறெதற்கும் அவளை எழுப்பக் கூடாது. அவள் பங்குக்கு ஒன்றுதான் செய்ய வேண்டியிருந்தது, நான் தப்பாகச் செய்தாலும் எட்டிப் பார்க்காமல் இருப்பது. அது அவளுக்குச் சுலபமாக இல்லை. ஜட்டியைத் திருப்பிப் போட்டிருப்பேன், வாயைக் கடித்துக்கொண்டு போவாள்.

இன்னொன்று. ஆறு மாதம் முடிந்தால் தாய்ப்பால் என்கிற சாக்கும் போய்விடும் ஆத்தூர்க்காரரே. ராகியை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து கட்டி தட்டாமல் காய்ச்ச ஆண் கையாலும் முடியும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்காதீர்கள். ருசி பார்த்துவிட்டு எனக்கே பாவமாக இருந்தது, அவள் என்னவோ சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறாள்.

9 ஜூலை

சட்டமே பிள்ளையை அம்மா பேரில்தான் பட்டா போட்டு வைத்திருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாக இருந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் பொருந்திய 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 50 பெண்கள், அல்லது பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர். முந்நூறு ஆண்கள் வேலை பார்த்து, அத்தனை பேருக்கும் கைக்குழந்தை இருந்தாலும் எண்ணிக்கையில் வந்திருக்காது. 2017 திருத்தத்தில்தான் 50 ஊழியர் இருந்தால் காப்பகம் என்று ஆண் பெண் பார்க்காமல் எழுதினார்கள், அதிலும் நடுவில் நாலு தடவை போய்ப் பார்த்து வருகிற உரிமை பெண்ணுக்குத்தான்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் உள்ளவர்களைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிற வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 14, பெண்கள் நூற்றுக்கு சுமார் 28. ஈடுபட்ட அந்த ஆண்கள் சராசரியாகக் கொடுத்தது 76 நிமிடம், பெண்கள் 134. மீதி 86 ஆண்களில் எல்லோர் வீட்டிலும் குழந்தை இருக்காது என்பதும் நியாயம்தான்.

கணக்கை விடுங்கள், போன மாதம் ஒரு பெரிய துணிக்கடையில் பாப்பா வேலையைக் காட்டிவிட்டாள். மாற்றுகிற மேடை பெண்கள் கழிப்பறைக்குள் இருக்கிறது. மனைவி புடவை எடுத்துக்கொண்டிருக்கிறாள், நான் பார்க்கிங்கில் ஸ்கூட்டர் சீட்டில் கிடத்தி மாற்றினேன். வாட்ச்மேன் அண்ணன் குடை பிடித்தார், வெயிலுக்கு.

14 ஜூலை

ஆத்தூரில் பெண் குழந்தை பிறந்துவிட்டதாம், வாழ்த்துகள். "இவ காரணமில்லாம அழறா, பாட்டி திட்டுறாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரசவம் ஆன முதல் வாரத்தில் அப்படி அழுவது நிறைய பெண்களுக்கு நடப்பதுதான், ரெண்டு வாரத்துக்குள் தானே தணியும். திட்டுகிறவர்களை அப்புறப்படுத்துங்கள். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காதது என்று நீண்டால் அது மனச்சோர்வு, டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். முதலில் கவனிக்கக்கூடிய ஆள் நீங்கள்தான். அவளுக்கே தெரியாது.

அப்பாக்களுக்கும் இது வரும். பல நாட்டு ஆய்வுகளை 2010-ல் தொகுத்துப் பார்த்ததில் பத்தில் ஒருவருக்கு என்று வந்தது. நம் ஆட்களிடம் அது அழுகையாக வெளியே தெரிவதில்லை. எரிச்சல், ஓவர்டைம், டாஸ்மாக்.

17 ஜூலை

இன்று ஒன்பதாம் மாத ஊசி. கன்னங்குறிச்சியில் போட்டோம். பெஞ்சில் என்னோடு இன்னொரு அப்பாவும் இருந்தார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம், காரணம் புரியவில்லை.

ஏற்காடு ஏற்றி இறக்குகிறவர்களுக்கு: வளைவுகளில் பிள்ளை வீறிட்டால் காது அடைப்பாக இருக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுக்கச் சொல்லுங்கள், விழுங்க விழுங்கச் சரியாகும்.

24 ஜூலை

நாலு ரோட்டில் கடை வைத்திருக்கும் தம்பி கேட்கிறார். மனைவியும் பிள்ளையும் வாழப்பாடியில் மாமியார் வீட்டில், முதல் தடவை பார்க்கப் போகும்போது என்ன வாங்கிப் போவது என்று.

கொலுசு, அரைஞாண் எல்லாம் மற்றவர்கள் வாங்கி வருவார்கள். நீங்கள் லுங்கியும் பல் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போங்கள். ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு வீடு முழுக்க ஆள் இருக்கும், பிள்ளை உங்கள் கைக்கே வராது. கடையை அடைத்துவிட்டு செவ்வாய் ராத்திரி பஸ் ஏறுங்கள், ஒரு மணி நேரத்தில் வாழப்பாடி. ராத்திரி அழும்போது அத்தைக்கு முன்னால் எழுந்துவிடுங்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் கடை திறக்க நேரம் இருக்கும்.